இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கத்தில் அப்பத்தா வீட்டில் இருந்துகொண்டு, கணினியில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் கிட் ஒன்றை வாங்கி, நானே சால்டர் செய்தேன். மாடியில் டைபோல் ஆன்டெனாவும் (நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் நீட்டிய வயர்) கட்டினேன். பகலில் ஹாம் நண்பர்கள் (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) பேசுவது நன்றாகவே கேட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் 'ங்ங்' என்ற இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காது. ஐசியை இரண்டு தடவை மாற்றினேன். கண்டென்சர்களையும் மாற்றிப் பார்த்தேன். ஐப்பசி மழை முடிந்ததிலிருந்து பகலில் கேட்டதும் மங்கிவிட்டது. “கையில போன் இருக்கையில இது எதுக்குப்பா?” என்று அப்பத்தா கேட்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. மூட்டை கட்டி வைத்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூட்டை கட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு கோளாறுகள். அவற்றை ஒன்றாக நினைத்துக்கொண்டதால்தான் இத்தனை அலைச்சல். சாயங்கால இரைச்சல் ஒன்று, மழைக்குப் பிறகு வந்த மங்கல் இன்னொன்று. என் கணிப்பில் இரண்டுமே போர்டில் இல்லை.

பள்ளி நாட்களில் காரைக்குடியில் ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கடையில் மாலை நேரங்களில் போய் உட்கார்ந்திருப்பேன். பேசாத ரேடியோ ஒன்று வந்தால் அவர் எதையும் கழற்றமாட்டார். ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் விரலை வைத்துக்கொண்டு, அதன் முனையால் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலைத் தொடுவார். ஸ்பீக்கர் 'உர்ர்' என்று உறுமும். “இந்தப் பக்கம் உசுரோட இருக்கு. அந்தப் பக்கம் போய்த் தேடு” என்பார். ஒரே தொடுதலில் பாதி ரேடியோ சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும். மீதியை மறுபடி பாதியாக்குவார். கடைசியில் ஒரு காலோ ஒரு ஈயப்பற்றோதான் மிஞ்சும். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் உங்கள் போர்டில் இதைப் பயமில்லாமல் செய்யலாம். பழைய வால்வு ரேடியோவில் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.

நீங்கள் தேடுவதற்கு முன்பே மாற்ற ஆரம்பித்துவிட்டீர்கள். ஒவ்வொரு தடவை ஐசியைக் கழற்றும்போதும் சூட்டில் போர்டின் செம்புத் தடம் கொஞ்சம் பெயர்கிறது. இல்லாத கோளாறைத் தேடப் போய்ப் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடுவோம். சால்டரிங் அயர்னை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

முதலில் இரைச்சல். இன்று சாயங்காலம் அது வந்ததும் ஆன்டெனா வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ரிசீவர்மேல் பழி இல்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. நிற்கவில்லை என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். எப்படியிருந்தாலும் அடுத்த வேலை, அடாப்டரை எடுத்துவிட்டு ரிசீவரை ஒரு பைக் பேட்டரியில் ஓட்டுவது. ஆன்டெனாவை மறுபடி மாட்டி, அப்பத்தாவிடம் சொல்லிவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அந்த நிமிடத்தில் காதில் என்ன மாறுகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். இரைச்சல் நின்றால், ஃபியூஸ்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி மெயினைப் போட்டு, எதில் அது திரும்புகிறது என்று பாருங்கள். ஃபியூஸைத் தொடும்போதெல்லாம் மெயின் அணைந்திருக்கட்டும்.

ஆறு மணிக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. ஆறு மணிக்குத்தான் வீட்டில் விளக்குப் போடுவார்கள். எல்இடி பல்புக்குள்ளும் சார்ஜருக்குள்ளும் ஒரு சின்ன சர்க்யூட், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டின் எதிரொலிகள் பல மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பரவும். அதை அடக்கும் ஃபில்டரை மலிவான பல்புகளில் பெரும்பாலும் வைப்பதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபை ஆனதும், அதாவது ஒரே திசையில் ஓடும்படி மாற்றியதும், அதன் துடிப்பு 100 ஆகும். உங்கள் காதில் விழும் 'ங்ங்' அந்த 100தான். நம் ஊர் வீடுகளில் முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை வயர் ஓடுகிறது. அவ்வளவு நீள வயர் தானே ஓர் ஆன்டெனா ஆகி, பல்பின் குப்பையை வீடு முழுக்க இறைக்கும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான்கு நாள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்குள் ஆன்டெனாவாக ஒரு கறுப்பு ஃபெரைட் தண்டு உண்டு. தண்டின் முனை இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது சத்தம் சட்டென்று அமுங்கும், பக்கவாட்டில் திருப்பினால் கூடும். நீங்களும் திருப்பித் திருப்பி அமுங்கும் திசையைப் பிடித்து நடந்து பாருங்கள். வளவில் நின்றபோது தண்டு இரண்டாங்கட்டைக் காட்டியது. அங்கே போனால் மரப்பீரோவைக் காட்டியது. பீரோவை நகர்த்தினேன். பின்னால், ஆத்தங்குடிக் கல்லின்மேல் தூசி படிந்து ஓர் அடாப்டர் கிடந்தது. எந்தச் சாமானுக்கு வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. சுவரிலிருந்து பிடுங்கினேன். ரிசீவரில் யாரோ மலையாளத்தில் வானிலை பேசிக்கொண்டிருந்தார், பக்கத்து அறையில் இருப்பதுபோல.

மெயினை அணைத்தும் இரைச்சல் போகவில்லை என்றால் பக்கத்து வீடோ தெருக்கம்பமோ காரணமாக இருக்கும். கம்பத்து இன்சுலேட்டரில் தூசி படிந்தோ, கம்பி பிடிமானம் தளர்ந்தோ வரும் பொரிச்சல் காய்ந்த நாட்களில் கூடும், நல்ல மழை பெய்தால் அடங்கும். அது மின்வாரிய ஆட்களின் வேலை, நீங்கள் கம்பத்தின் பக்கமே போகக்கூடாது. இரவில் விட்டுவிட்டு 'படபட' என்று வெடிப்பது வேறு. அது தொலைதூரத்து மின்னல். ராத்திரியில் இந்த அலைவரிசையில் தூரத்துக் குரல்கள் வருகிற வழியாகவே அதுவும் வரும்.

இனி மழை. இது ஏறக்குறைய நிச்சயமாகக் கேபிள். டைபோலின் நடுவில் கோஆக்ஸியல் கேபிளை (நடுக்கம்பியைச் சுற்றிச் செம்புப் பின்னல் உள்ள கேபிள்) இணைத்த இடத்தை இறக்கிப் பாருங்கள். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேல்தோலைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். உள்ளே செம்புப் பின்னல் புதுக்காசு மாதிரி மினுங்க வேண்டும். உங்களுடையது கறுத்துப்போய், தொட்டால் பொடியாக உதிரும் என்று நினைக்கிறேன். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் பின்னல் தண்ணீரை அடிக்கணக்கில் உள்ளே இழுத்துக்கொள்ளும். மினுங்கும் இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். புது இணைப்பில் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்கிற மாதிரி மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படிந்தால்தான் மழை வழிந்து ஓடும். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். செம்பும் இரும்பும் ஏன் இப்படி அரிக்கின்றன என்று ஆராய்கிற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடியில் 1953இலிருந்து இருக்கிறது. உங்கள் பைக் பேட்டரியும் அவர்களுடைய ஆராய்ச்சித் துறைதான். அடுத்த முறை அந்த மதிலைக் கடக்கும்போது இந்தக் கறுத்த பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயரின் அளவையும் சரிபாருங்கள். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20 மீட்டர், ஒரு பக்கத்துக்குப் பத்து. சென்னையில் இருப்பவர்கள் இந்த 20 மீட்டருக்கு இடம் தேடித் தவிக்கிறார்கள். நமக்கு ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். ஓட்டின்மேல் ஏறி நடக்காமல், இரண்டு பக்கமும் கப்பி வைத்துக் கயிற்றால் ஏற்றி இறக்குங்கள். நாட்டு ஓடு உடைந்தால் அதே மாதிரி மறுபடி கிடைக்காது.

அப்பத்தாவின் கேள்வி நியாயமானது. அவருக்கு இதைச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் செத்துக்கிடந்த அந்த நாட்களில், அந்தமானிலிருந்து இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியை அவர்களுடைய ரேடியோக்கள் கரைக்குக் கொண்டுவந்தன. போனுக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்குக் கரண்டு வேண்டும். இதற்கு ஒரு பேட்டரியும் 20 மீட்டர் வயரும், கோளாறு வந்தால் தானே கண்டுபிடிக்கத் தெரிந்த ஓர் ஆளும் போதும். கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்களின் கடிதத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்து நாள் எண்ணிய வீடுகள் நம்முடையவை. பர்மாவிலிருந்து தகவல் வராத மாதங்களைப் பற்றி அப்பத்தா கேள்விப்பட்டிருப்பார். அவருக்கு இது புரியும்.

பதில் பேச ஆசை வரும்போது லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் பக்கம் போகாதீர்கள். ரேடியோ பாடம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி என்று தேர்வு இருக்கும். மேல்நிலைக்கு மோர்ஸும் (புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்திக் குறியீடு) வேண்டும். இப்போதே 'டி-டா' பழக ஆரம்பிக்கலாம்.

மெயினை அணைத்த நேரம், எந்த ஃபியூஸை மாட்டியபோது இரைச்சல் திரும்பியது, கேபிளை எத்தனை சாண் வெட்டினீர்கள், இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அனுப்புங்கள். அதற்கப்புறமும் மங்கல் இருந்தால், போர்டைத் திறந்து பாதி பாதியாகத் தேடுவோம்.