யங் அடல்ட் ஃபேன்டசி நாவல்ல சில உலகம் மட்டும் ஏன் நிஜம் மாதிரியே மனசுல ஒட்டிக்குது?

மேப் இருக்கு, புதுப் பாஷை இருக்கு, ஆயிரம் வருஷத்து வம்ச வரலாறு இருக்கு, ஆனாலும் சில புக்கு பாதியிலயே கைய விட்டுப் போயிடுது, சிலது நாலு தீவை வச்சுக்கிட்டே ஆளை உள்ள இழுத்துப் போட்டுடுது, அது ஏன்னு கேட்டிருக்கீங்க. எனக்குத் தோணினதைச் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி என் மானத்தை நானே கொஞ்சம் வாங்கிக்கணும்.

பதினஞ்சு வயசுல நானும் ஒரு உலகம் பண்ணேன். 200 பக்க நோட்டு. பதினாலு நாடு, ஒவ்வொண்ணுக்கும் கொடி, ராஜா பேரு, ராஜாவோட அப்பா பேரு, தாத்தா எந்தப் போர்ல செத்தாருங்கறது வரைக்கும் எழுதி வச்சிருந்தேன். நடுப்பக்கம் ரெண்டையும் சேத்து ஸ்கெட்ச் பேனால மேப். கதை மட்டும் ஒரு வரி கூட கிடையாது. ஒரு நாள் தங்கச்சி அதை எடுத்துப் பாத்தா, அவளுக்கு அப்ப பத்து வயசு இருக்கும், ஒரு ஆத்து மேல விரலை வச்சு தடவிக்கிட்டே கொஞ்ச தூரம் போனா, நின்னா, திரும்ப மொதல்ல இருந்து தடவினா. அப்புறம், "அண்ணா, இந்த ஆறு இந்தக் கடல்ல ஆரம்பிச்சு மலை மேல ஏறி இறங்கி அந்தக் கடல்ல போய் விழுது, பாத்தியா?"ன்னா. நான் பாக்கலதான். ஆனா விட்டுக் குடுக்க முடியுமா, அது மந்திர ஆறுன்னு சொல்லிட்டேன். "அப்படின்னா படகுல போறவன் மலை ஏறும்போது துடுப்பு போடணுமா, வேணாமா?"

பதில் இல்ல. நோட்டைப் புடுங்கி உள்ள வச்சுட்டேன்.

அவ கேட்ட மொதல் கேள்வி ஜியாகிரஃபி, அதை யாரு வேணா கேப்பாங்க. ரெண்டாவது கேள்விலதான் எல்லாமே இருக்கு. ஆறு மலை ஏறலாம் தப்பில்ல, ஃபேன்டசி தானே, ஆனா அது ஏறும்போது படகுல உக்காந்திருக்கிறவன் கைக்கு என்ன ஆகுதுன்னு எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்குப் பிடிச்ச புக்கு எல்லாத்துலயும் இது இருக்கு, பிடிக்காததுல பெரும்பாலும் இல்ல. அதுலயும் டீன் ஏஜ் பசங்களுக்கு எழுதுற கதைன்னா இன்னொண்ணும் சேருது, அந்த உலகத்தோட ரூல் அந்த வயசோட வலியில போய் நேரா இடிக்கணும்.

பிலிப் புல்மன் 1995ல எழுதின 'நார்தர்ன் லைட்ஸ்' எடுத்துக்கங்க, அமெரிக்காவுல 'த கோல்டன் காம்பஸ்'னு வந்துச்சே அதுதான். அந்த உலகத்துல ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒரு டீமன் உண்டு, அதாவது அவனோட உயிரு உடம்புக்கு வெளிய ஒரு மிருகமா கூடவே திரியும், பேசும், கோவிச்சுக்கும். சின்னப் பசங்களோட டீமன் நிமிஷத்துக்கு ஒரு உருவம் எடுக்கும், இப்ப அந்துப்பூச்சி, இப்ப பூனை, இப்ப எலி. வளர்ந்து பெரியவங்க ஆகுற வயசுல ஏதோ ஒரு உருவத்துல நின்னுடும், அதுக்கப்புறம் மாறாது. இவ்ளோதான் ரூல். லைராங்கற பொண்ணு கப்பல்ல ஒரு மாலுமிகிட்ட இதைப் பத்திப் பேசுவா, எதுக்கு நிக்கணும், பிடிச்ச உருவமா வரலன்னா என்ன பண்றதுன்னு. சிங்கம் வேணும்னு ஆசைப்பட்டு கடைசியில பூடில் நாய் கிடைச்சவங்க நிறைய பேரு இருக்காங்கன்னு சொல்லுவார் அவரு. டீமன் டால்ஃபினா நின்னு போன ஒருத்தரைப் பத்தியும் சொல்லுவார், அந்த ஆளால கரையில காலே வைக்க முடியாது, சாகுற வரைக்கும் தண்ணி மேலதான். எனக்கு அந்த இடத்துல புக்கை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கத் தோணுச்சு. நாம யாரா ஆகப் போறோம், ஆனதுக்கப்புறம் மாத்திக்க முடியாதாங்கற பயம் பதினாலு வயசுல எல்லாருக்கும் இருக்கும், வெளிய சொல்லத்தான் தெரியாது. அதை ஒரு பூனை எலியை வச்சு சொல்லிட்டாரு மனுஷன். இன்னொரு இடத்துல டீமன் அவளை விட்டு தூரமா போகப் பாக்கும், கயித்தைக் கட்டி நெஞ்சுக்குள்ள இருந்து இழுக்கிற மாதிரி ரெண்டு பேருக்கும் வலிக்கும். துடுப்புக் கேள்விக்கு இதுதான் பதில். உடம்புல வலிக்கணும்.

அடுத்து உர்சுலா லெ குவின். 1967ல ஒரு பதிப்பாளர் அவங்ககிட்ட பெரிய பசங்களுக்கு ஒரு புக்கு எழுதித் தாங்கன்னு கேட்டிருக்கார். அவங்க யோசிச்சது ரொம்ப சாதாரண விஷயம். கதையில வர்ற மந்திரவாதி எல்லாம் வெள்ளத்தாடிக் கெழவனாவே வர்றாங்களே, அந்தத் தாடி முளைக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க, எங்க போய்க் கத்துக்கிட்டாங்க? அங்க இருந்துதான் 1968ல 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' வந்துச்சு, தீவுக்கூட்டமா இருக்கிற ஒரு உலகம், அதுல மந்திரவாதிங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். அவங்களும் மொதல்ல போட்டது மேப்தான். மூணு தீவுக்கு அவங்க பிள்ளைங்களோட செல்லப் பேரை வச்சதா அவங்களே எழுதியிருக்காங்க. (இது தெரிஞ்சதுக்கப்புறம் மேப்பை எடுத்து அது எந்த மூணா இருக்கும்னு ஒரு மணி நேரம் தேடினேன், சொன்னா சிரிப்பீங்க.)

அந்த உலகத்துல மந்திரம்னா பேரு. எல்லாத்துக்கும் ஒரு உண்மைப் பேரு உண்டு, அது தெரிஞ்சா அது உன் கைக்குள்ள. கேக்கவே ஜாலியா இருக்கு இல்ல, ஆனா அதைக் கத்துக்கிற இடத்தைப் பாருங்க. தனியா ஒரு கோபுரம், குளிர், அங்க இருக்கிற வாத்தியார் பேரா எழுதின லிஸ்ட்டைக் கையில குடுப்பாரு, நடுராத்திரிக்குள்ள மனப்பாடம் பண்ணிடணும், நடுராத்திரி ஆச்சுன்னா மை அழிஞ்சு தாள் வெள்ளையாயிடும். ஒரு கடலுக்கு மந்திரம் போடணும்னா அந்தக் கடலோட பேரு மட்டும் தெரிஞ்சா பத்தாது, அதுல இருக்கிற ஒவ்வொரு மூலை முடுக்கோட பேரும் தெரியணும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழிச்சுப் படிச்ச எவனுக்கும் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கா இல்லையாங்கற சந்தேகமே வராது. ஹீரோ கெட் அங்க என்ன பண்றான், கூடப் படிக்கிற பணக்காரப் பையன் ஒருத்தன் நக்கல் பண்ணிட்டான்னு ரோஷத்துல செய்யக் கூடாத மந்திரத்தைச் செஞ்சு ஒரு நிழலை உலகத்துக்குள்ள விட்டுடறான், மீதிக் கதை பூரா அதுதான். உலகத்தையே ஆளத் துடிக்கிற இருட்டு ராஜா ஒருத்தனும் கிடையாது, ஒரு ஸ்கூல் பையனோட ரோஷம், அவ்ளோதான். அந்த நிழலோட பேரு என்னன்னு சொல்ல மாட்டேன், படிச்சுக்கங்க. இன்னொண்ணு, கெட்டுக்கு செம்பு மாதிரி கருஞ்சிவப்பு நிறம், எர்த்சீல பெரும்பாலான ஜனம் மாநிறமோ கறுப்போதான், அது புக்குலயே தெளிவா இருக்கு, அப்படியிருந்தும் ரொம்ப வருஷம் அட்டைப்படத்துல அவனை வெள்ளையா போட்டாங்க, 2004ல டிவி சீரியல் எடுத்தவங்களும் அதையேதான் செஞ்சாங்க. அந்தம்மா சும்மா விடல, காட்டமாவே எழுதினாங்க.

புதுப் பாஷைக்கு வர்றேன். கிறிஸ்டோஃபர் பவோலினி பதினஞ்சு வயசுல 'எரகான்' எழுத ஆரம்பிச்சார். நான் கொடி வரைஞ்சிட்டிருந்த அதே வயசு, விடுங்க. வீட்டு ஆளுங்களே சேந்து சொந்தமா அச்சடிச்சாங்க, அப்புறம் 2003ல பெரிய பதிப்பகம் எடுத்துப் போட்டு உலகம் பூரா ஓடுச்சு. அந்தப் புக்கு மேல எனக்கு நிறைய குறை உண்டு, பாதி எங்கயோ பாத்த மாதிரியே இருக்கும். ஆனா ஒரு இடம் இருக்கு, அதுக்காகவே எல்லாத்தையும் மன்னிக்கலாம். மந்திரம் ஒரு பழைய பாஷையில நடக்கும், அந்தப் பாஷையில பொய் சொல்ல முடியாது, சொன்னது சொன்னபடி நடந்துடும். எரகான் ஒரு கைக்குழந்தைக்கு ஆசீர்வாதம் பண்றான், துன்பம் உன்னை அண்டாம காக்கப்படுவாயாகன்னு சொல்றதா நினைச்சுக்கிட்டு இலக்கணத்தைக் கோட்டை விட்டுட்டு, துன்பத்துல இருந்து மத்தவங்களைக் காக்குற கேடயமா நீ இருன்னு சொல்லிட்டு, ரொம்ப திருப்தியா கெளம்பிப் போயிடறான். அடுத்த பாகத்துலதான் விஷயம் வெளிய வருது. சுத்தி இருக்கிற எல்லாரோட வலியும் அந்தக் குழந்தைக்குத் தெரியும், குறுக்க போய் நிக்கச் சொல்லி உள்ளுக்குள்ள புடிச்சுத் தள்ளும், வேகமா வேற வளர்ந்துடும். ஒரு விகுதி மாறினதுக்கு ஒரு குழந்தையோட மொத்த வாழ்க்கை. கும்பகர்ணன் நித்தியத்துவம் கேக்கப் போய் நாக்கு பொரண்டு நித்திரத்துவம் வாங்கிட்டு வந்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது டக்குனு புரியும். சும்மா நாலு வார்த்தையைக் கண்டுபிடிச்சு கடைசிப் பக்கத்துல அர்த்தம் போடறதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின டோல்கீனை விட்டுட்டியேன்னு கேப்பீங்க. அவரு கேஸ் வேற, பழைய பாஷைங்களையே தொழிலா வச்சிருந்த ஆக்ஸ்ஃபோர்டு புரொஃபசர், மொதல்ல பாஷைங்களைப் பண்ணிட்டு அதுங்க வாழறதுக்கு ஒரு உலகம் வேணுமேன்னுதான் கதையே எழுதினேன்னு சொன்னவரு. அதைப் பாத்து நாமளும் செய்யலாம்னு எறங்கினா என் நோட்டு கதிதான். ஆனா அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது வேற ஒரு விஷயம். 1944ல மகனுக்கு எழுதின ஒரு லெட்டர்ல, கதையில நிலா ஒரு பக்கம் உதிச்சிட்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் மறைஞ்சிட்டிருக்கு, அதைக் கண்டுபிடிச்சு பழைய அத்தியாயத்தை எல்லாம் திருத்தறதுலயே ஒரு மதியம் போச்சுன்னு பொலம்பியிருப்பார். அவருக்கே அப்படின்னா என் ஆறு மலை ஏறினது ஒரு குத்தமா.

மேப்பை நான் மட்டம் தட்டல. ஸ்டீவன்சன் 1881ல ஸ்காட்லாந்துல மழைக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப விளையாட்டா ஒரு தீவை வரைஞ்சு கலர் அடிச்சார், அதை உத்துப் பாக்கப் பாக்கத்தான் 'ட்ரெஷர் ஐலண்ட்' கதையே வந்துச்சு. கூத்து என்னன்னா புக்கா போடறப்ப அனுப்பின மேப் பதிப்பாளர்கிட்ட போய்ச் சேரவே இல்ல, தொலைஞ்சு போச்சு. மனுஷன் உக்காந்து தன் கதையைத் தானே வரி வரியா படிச்சு, எந்த மலை எங்க, எந்தக் குடா எங்கன்னு குறிச்சு எடுத்து, காம்பஸ் வச்சு புதுசா வரைஞ்சாரு. அப்படி வரைஞ்சும் அது எனக்கு அந்தத் தீவா படலன்னு எழுதியிருக்கார். அது ஃபேன்டசி இல்லதான், ஆனா மேப்புன்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அதுதான். கதையை மட்டும் வச்சு அவரால திரும்ப மேப் போட முடிஞ்சுது பாருங்க. என் மேப்பைத் தொலைச்சிருந்தா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது.

ஒட்டாத உலகம் எப்படி இருக்கும்னா, டயானா வின் ஜோன்ஸ் 1996ல 'த டஃப் கைடு டு ஃபேன்டசிலேண்ட்'னு டூரிஸ்ட் கைடு மாதிரியே ஒரு நக்கல் புக்கு எழுதினாங்க, அதுல குதிரைங்களைப் பத்தி ஒரு பகுதி இருக்கு. இந்த உலகத்துக் குதிரைங்க நாள் பூரா நாலுகால் பாய்ச்சல்ல ஓடும், களைக்காது, லாடம் கழண்டு விழாது, குட்டி போட்டும் யாரும் பாத்ததில்ல, அதனால பூ மாதிரி மகரந்தத்துலதான் பெருகுது போலன்னு. படிச்சதுக்கப்புறம் எந்த ஃபேன்டசியை எடுத்தாலும் மொதல்ல குதிரை எப்ப தண்ணி குடிக்குதுன்னுதான் கண்ணு போகுது. நிஜ ஊருங்கள்ல இருந்து கடன் வாங்கறவங்களுக்கு வேற தலைவலி. லீ பார்டுகோவோட 'ஷேடோ அண்ட் போன்' (2012) ஜார் காலத்து ரஷ்யாவை மனசுல வச்சுக் கட்டின உலகம், ஹீரோயின் பேரு அலினா ஸ்டார்கோவ், ரஷ்யன் தெரிஞ்சவங்க பொண்ணுன்னா ஸ்டார்கோவா இல்ல வரணும்னு அப்பவே புடிச்சுட்டாங்க. எனக்கு ரஷ்யன் தெரியாது, அதனால என்னை அது ஒண்ணும் பண்ணல, நிம்மதியா படிச்சேன்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எர்த்சீ மொத பாகத்துல ஆரம்பிங்க, மெல்லிசு புக்குதான்.

அந்த நோட்டு இன்னும் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்துப் பாத்தேன். பதிமூணு நாட்டை அடிச்சுட்டேன், கொடி, தாத்தா எல்லாம் போச்சு, அந்த ஆத்தை மட்டும் வச்சுக்கிட்டேன். துடுப்பு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், தண்ணியே தூக்கிட்டுப் போகும். ஆனா அப்படின்னா எதிர்ல வர முடியாது இல்லையா. போன படகு எதுவும் திரும்பாது. அப்ப அந்தப் பக்கம் கடலோரத்துல ஒரு ஊர் இருந்தா அங்க வருஷா வருஷம் படகு வந்து குவிஞ்சுக்கிட்டே இருக்கும், வீடு, கூரை, கதவு எல்லாமே பழைய படகுப் பலகையாத்தான் இருக்கும், ஒவ்வொரு கதவுலயும் யாரோ கெளம்பும்போது எழுதின பேரு இருக்கும். அதுல ஒரு கதவுல தன் அம்மா பேரைப் பாக்குற ஒரு பொண்ணு. இவ்ளோதான் எழுதி தங்கச்சிக்கு அனுப்பினேன்.

"நல்லா இருக்குண்ணா, ஆனா அம்மா பேரு அதுன்னு அவளுக்கு யாரு சொன்னா?"ன்னு பதில் போட்டிருக்கா. அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.