கறுப்பு வெள்ளை அச்சில் மையும் மென்பொருளும்: கேள்வி பதில்

அஸ்தம்பட்டி வாசகர்: என்னிடம் எப்சன் எல்8050 இருக்கிறது. ஏற்காட்டில் எடுத்த பனிமூட்டப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சாம்பல் பகுதி இலேசாகப் பச்சையடிக்கிறது. ஏன்?

அந்தப் பிரிண்டரில் கறுப்பு மை ஒன்றுதான் உண்டு. இடைப்பட்ட சாம்பல்களை அது சயான், மஜந்தா, மஞ்சள் மைகளின் துணையோடுதான் உண்டாக்குகிறது. அந்தக் கலவை சற்றே பிசகினாலும், வண்ணப் படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் சாயல், சாம்பலில் பளிச்சென்று தெரிந்துவிடும். டியூப்லைட்டில் ஒரு சாயலும் ஜன்னல் வெளிச்சத்தில் வேறொரு சாயலும் தெரிவதுண்டு. ஆகவே பகல் வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்யுங்கள். கறுப்பு மையை மட்டும் கொண்டு அச்சிட்டால் பச்சை போய்விடும், ஆனால் பனியின் வெளிர் பகுதியில் மைப்புள்ளிகள் மணல் தூவியதுபோல் தெரியும்.

ஓமலூர் வாசகி: அப்படியானால் எந்த மை வாங்குவது, ஐயா?

கறுப்போடு சாம்பல் மைகளும் உள்ள பிக்மென்ட் (நிறம் நுண்துகள்களாக இருக்கும் மை) வகையை வாங்குங்கள், அம்மா. 2005-இல் எப்சன் கொண்டுவந்த கே3 மைகளில் கறுப்பே மூன்று அடர்த்திகளில் இருந்தது. இன்றைய பி700, பி900 பிரிண்டர்களும் அவ்வழியில் வந்தவையே. நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் டை மையைவிட பிக்மென்ட் மை வெளிச்சத்தில் மங்காமல் நெடுநாள் நிற்கும் என்பதால், சுவரில் மாட்டும் படத்துக்கு நான் வேறெதையும் பரிந்துரைப்பதில்லை. பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்துக்கு மேட் பிளாக் என்ற கறுப்பு மை, பளபளப்புள்ள பரைட்டா காகிதத்துக்கு போட்டோ பிளாக் என்ற கறுப்பு மை.

சேலம் ஸ்டூடியோக்காரர்: குவாட்டோன் ரிப் மென்பொருள் அவசியமா?

முதலில் பிரிண்டர் டிரைவரிலேயே உள்ள ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ முறையை முயன்று பாருங்கள். பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப், எந்தச் சாம்பலுக்கு எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்பதை உங்கள் கையில் கொடுக்கிறது. காப்பித் தோட்டத்துப் படமொன்றுக்காக, வெள்ளையிலிருந்து கறுப்புவரை செல்லும் 21 படிச் சோதனைப் பட்டையை அச்சிட்டுப் பார்த்தபோது, கடைசி மூன்று படிகளும் ஒன்றாய் ஒட்டிக்கொண்டிருந்தன. சில்வர் ஓக் மரத்தடியில் காப்பிச் செடிகளின் இலைகள் ஒரே கரும்பரப்பாய் ஆனதற்கு அதுதான் காரணம். பட்டையை அளந்து, மையின் அளவைத் தீர்மானிக்கும் வளைகோட்டை மென்பொருளில் திருத்திய பிறகு, இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. காகிதத்தை மாற்றினால் இதை மறுபடியும் செய்தாக வேண்டும்.

ஏற்காடு வாசகர்: மழைக்காலத்தில் காகிதத்தின் ஓரம் சுருண்டு, மை இழுபடுகிறது.

காகிதம் ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டு பிரிண்டர் ஹெட்டில் உரசுகிறது. உறையை நன்றாக மூடி, சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, அச்சிடும் நேரத்தில் மட்டும் தாளை வெளியே எடுங்கள். கீழே சேலத்து வெயிலிலோ நாசில் (மை வெளிவரும் நுண்துளை) காய்ந்து அடைத்துக்கொள்ளும். அங்குள்ளவர்கள் வாரம் ஒரு படமாவது அச்சிட்டு வருவது நல்லது.