ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். இதை எப்படி வரையறுத்து எழுதுவது?

தருமபுரி அருகே உள்ள உங்கள் மாங்கூழ் ஆலையின் ஸ்டெரிலைசர் (கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்), பாய்லர், குளிர்பதனக் கிடங்கு, ஜெனரேட்டர், யூ.பி.எஸ். அனைத்துக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ் நிறுவனத்திடம் விலைப்புள்ளி கேட்டீர்கள் என்றும், அவர்கள் மூன்று தரங்களையும் மூன்று விலைகளையும் நீட்டினார்கள் என்றும், எதைத் தேர்ந்தெடுத்து எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதே தொழிலில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூன்றில் எதையும் அப்படியே எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஆலை முழுவதற்கும் ஒரே தரம் என்பது சர்வீஸ் நிறுவனத்தின் விற்பனை வசதிக்காக உண்டானது. உங்களுக்குத் தேவையானது, எந்த இயந்திரத்துக்கு எந்த மாதத்தில் எந்தத் தரம் என்று சொல்லும் ஓர் அட்டவணை.

காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது. மே மாதத்தில் தொடங்கி ஜூலை இறுதி வரை பெங்களூரா ரக மாங்காய் வந்து குவியும்போது ஸ்டெரிலைசர் அரை நாள் நின்றாலும் பழுத்த காய் காத்திருக்காது; அதே ஸ்டெரிலைசர் நவம்பரில் ஒரு வாரம் நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை. குளிர்பதனக் கிடங்கோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டியது. அலுவலகக் கணினிகளுக்கான யூ.பி.எஸ். நின்றால் பில் போடுவது தாமதமாகும், அவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் ஆண்டு முழுவதும் பிளாட்டினம் வாங்கினால் பணம் விரயம். எல்லாவற்றுக்கும் சில்வர் வாங்கினால் ஜூன் மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே முதலில் ஒரு தாளில் இயந்திரங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் நின்றால் என்ன ஆகும், ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று பருவத்துக்கும் பருவமில்லாத காலத்துக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தரம் அந்தத் தாளிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது நேரம். விலைப்புள்ளியில் "4 மணி நேர ரெஸ்பான்ஸ்" என்று இருந்தால், அந்த நான்கு மணி நேரம் எப்போது தொடங்குகிறது, எது நடந்தால் முடிகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் பருவத்தின் நடுவே ஒரு சனிக்கிழமை மாலை ஸ்டெரிலைசரின் ஃபீட் பம்ப் டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவி) டிரிப் ஆகி நின்றது. புகார் கொடுத்த அரை மணி நேரத்துக்குள் சர்வீஸ் பொறியாளர் தொலைபேசியில் பேசி, டிரைவை ரீசெட் செய்து பார்க்கச் சொன்னார். நேரில் வந்தது திங்கட்கிழமை காலை. ஒப்பந்தத்தில் "ரெஸ்பான்ஸ்" என்ற சொல்லுக்குப் பொருள் வரையறுக்கப்படாததால், அந்தத் தொலைபேசி அழைப்பே ரெஸ்பான்ஸ் என்று கணக்கில் சேர்ந்தது, சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் நேரத்துக்குள் சேவை செய்யப்பட்டதாகவே பதிவானது. ஒப்பந்த வாசகத்தின்படி அது பொய்யும் அல்ல.

எனவே ஒவ்வொரு தரத்துக்கும் மூன்று நேரங்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: தொலைபேசியில் பதில் சொல்லும் நேரம், ஆலையின் வாயிலுக்குப் பொறியாளர் வந்து சேரும் நேரம், உற்பத்தி மீண்டும் தொடங்கும் நேரம். மூன்றாவதில்தான் கவனம் அதிகம் தேவை. அசெப்டிக் வரிசையில், அதாவது கிருமியில்லாத நிலையில் கூழைப் பையில் நிரப்பும் இயந்திரத் தொடரில், பம்ப் சுழலத் தொடங்கிவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. வெப்பநிலை ஒருமுறை இறங்கிவிட்டால் வரிசை முழுவதையும் மறுபடி கிருமிநீக்கம் செய்த பிறகே நிரப்ப முடியும் என்பதால், "இயந்திரம் இயங்கத் தொடங்கிய நேரம்" என்று எழுதினால் அந்த இடைவெளி உங்கள் தலையில் விழும். "பழுதுக்குப் பிறகு, நிர்ணயித்த வெப்பநிலையில் முதல் அசெப்டிக் பை நிரம்பிய நேரமே சேவை மீண்ட நேரமாகக் கொள்ளப்படும்" என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை. குளிர்பதனக் கிடங்குக்கு இதையே அறையின் வெப்பநிலையைக் கொண்டு எழுதலாம். கம்ப்ரஸர் ஓடுவதை வைத்து எழுதக் கூடாது.

கடிகாரம் தொடங்குவது நீங்கள் புகாரைப் பதிவு செய்த கணத்திலிருந்து என்று இருக்க வேண்டும். அவர்கள் புகார் எண் கொடுத்த பிறகு என்று எழுதினால், எண் கொடுக்கவே மூன்று மணி நேரம் ஆகலாம். நியாயமாகக் கடிகாரம் நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றை மறைக்காமல் எழுதிவிடுவதே நல்லது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, இயந்திரத்தைத் திறக்க உங்கள் தரப்பில் அனுமதி தாமதமாவது, பாய்லரின் அழுத்தப் பகுதிகளில் செய்யும் பழுதுக்குக் கொதிகலன் துறையின் ஒப்புதல் பெற ஆகும் காலம் ஆகியவற்றுக்கு சர்வீஸ் நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது முறையல்ல. ஆனால் "எங்கள் கட்டுப்பாட்டை மீறிய பிற காரணங்கள்" என்று பொதுவாக ஒரு வரியை அவர்கள் சேர்த்தால் அதை அடித்துவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பொறியாளர்கள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள், விலைப்புள்ளியில் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "குறிப்பிட்ட நேரங்கள் நகர எல்லைக்குள் மட்டும், வெளியூர்களுக்கு அடுத்த வேலை நாள்" என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த ஒரு வரியால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பிளாட்டினம் வெறும் சில்வராகிவிடும். ஆலையின் முகவரியைக் குறிப்பிட்டு, நேரங்கள் அந்த முகவரிக்கே பொருந்தும் என்று எழுதி வாங்குங்கள். இரண்டாவது, "வேலை நாள்" என்பது எந்த மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலின்படி என்பது. நவம்பர் 1-ஆம் தேதி கன்னட ராஜ்யோத்சவத்துக்கு அவர்களுக்கு விடுமுறை, நமக்கு வேலை நாள். பொங்கலை ஒட்டிய நாட்களில் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு எல்லா நாளும் விடுமுறையல்ல. காவிரிப் பிரச்சினையில் பந்த் நடந்தால் அத்திப்பள்ளியைத் தாண்டி எந்த வண்டியும் வராது. 2016 செப்டம்பரில் இரு மாநிலங்களுக்கும் இடையே போக்குவரத்து முடங்கியது பலருக்கும் நினைவிருக்கும். அதனால் பருவ மாதங்களுக்கு மட்டுமாவது ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு பொறியாளர் தங்கியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். விலை கூடும்தான், ஆனால் ஆண்டு முழுவதற்குமான பிளாட்டினத்தைவிடக் குறைவாகவே வரும் என்பது என் அனுபவம்.

இயங்கு விழுக்காட்டைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. "99 விழுக்காடு இயங்கும்" என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 1 விழுக்காடு 87 மணி 36 நிமிடம். ஆண்டுக் கணக்கில் எழுதினால், ஜூன் மாதத்தில் தொடர்ந்து மூன்றரை நாட்கள் ஆலை நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. மாதக் கணக்கில் எழுதினால் 30 நாள் மாதத்துக்கு 7 மணி 12 நிமிடம்தான் வரும். பருவத்தில் நான் அதையும் ஏற்பதில்லை; மாதக் கணக்கோடு, ஒரே முறையில் நிற்கக்கூடிய அதிகபட்ச நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்வேன். திட்டமிட்ட பராமரிப்புக்காக நிறுத்தும் நேரம் இந்தக் கணக்கில் சேருமா சேராதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். முன்தடுப்புப் பராமரிப்பு "ஆண்டுக்கு 4 முறை" என்று மட்டும் இருந்தால் அவர்கள் ஆள் காலியாக இருக்கும்போது வருவார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் தலா ஒன்று என்று மாதத்தைக் குறிப்பிடுங்கள்.

உதிரிபாகத்தில்தான் தரங்களின் உண்மையான விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. காம்பிரிஹென்சிவ் என்றால் உதிரிபாகம் சேர்த்து, நான்-காம்பிரிஹென்சிவ் என்றால் ஆள்கூலி மட்டும் என்பது பொதுவான வழக்கம். ஆனால் காம்பிரிஹென்சிவ் ஒப்பந்தத்திலும் பெல்ட், ஃபில்டர், கேஸ்கெட், ஆயில், யூ.பி.எஸ். பேட்டரி முதலியவை "தேய்மானப் பொருட்கள்" என்று விலக்கப்பட்டிருக்கும், அடிக்கடி செலவு வைப்பவையும் அவையே. விலக்குப் பட்டியலை வாசித்துவிட்டு விலையைப் பாருங்கள். அதோடு, மெக்கானிக்கல் சீல், டிரைவ், ஸ்டீம் டிராப் போன்று நின்றால் ஆலையே நிற்கும் பாகங்களை உங்கள் ஸ்டோரிலேயே அவர்கள் செலவில் வைத்திருக்க வேண்டும் என்று மேல்தரத்தில் எழுதலாம். இரண்டு மணி நேரத்தில் பொறியாளர் வந்தாலும், கையில் பாகம் இல்லாவிட்டால் உங்களோடு சேர்ந்து அவரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எந்தப் பழுது எந்த அவசர நிலையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யும் உரிமை புகார் கொடுப்பவரிடம் இருக்க வேண்டும். நிலையைக் குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. சாட்சியத்துக்கு சர்வீஸ் ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். பொறியாளர் உள்ளே வரும்போது வாயில் காவலர் பதிவேட்டில் எழுதும் நேரமே வந்து சேர்ந்த நேரம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், ரிப்போர்ட்டில் ஒன்றும் பதிவேட்டில் வேறொன்றும் இருக்கும்போது எது செல்லும் என்ற சண்டை எழாது.

அபராதத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. அந்தத் தொகையை மீறாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எனவே மிரட்டலாகப் பெரிய தொகை எழுதுவதில் பயனில்லை. நேரம் தவறிய ஒவ்வொரு மணிக்கும் அடுத்த காலாண்டுப் பில்லில் இவ்வளவு கழிக்கப்படும் என்று எளிமையாக எழுதினால், நீதிமன்றத்துக்குப் போகாமலே அது நடந்துவிடும். இதற்காகவே ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுக்காமல் காலாண்டுக்கு ஒருமுறை கொடுக்கும்படி பேசுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இது: சில்வர் விலைப்புள்ளியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மே முதல் ஜூலை வரை ஸ்டெரிலைசர், அசெப்டிக் ஃபில்லர், பாய்லர் மூன்றுக்கும், ஆண்டு முழுவதும் குளிர்பதன கம்ப்ரஸருக்கும் மட்டும் பிளாட்டினம் என்று அட்டவணை போட்டு மறுவிலை கேளுங்கள். ஜெனரேட்டரைப் பருவத்தில் கோல்டுக்கு உயர்த்தினால் போதும், யூ.பி.எஸ்.ஸை இந்த ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிட்டு உள்ளூர்க் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. விலையில் சேர்ந்ததா தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பேச்சுவார்த்தையை ஜனவரிக்குள் முடித்துவிடுவது நல்லது. மாமரத்தில் பிஞ்சு பிடித்த பிறகு பேசப் போனால், உங்களுக்கு எவ்வளவு அவசரம் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.