தம்பிட சிவியில அந்த வரிய வெட்டுங்க அக்கா

அக்கா, நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன், தம்பிட ரிசல்ட் சீட்டு, சிவி, மறுகா அந்தக் கொப்பிட போட்டோவும் பாத்தன். "இவன்ட குறையெல்லாம் வெளியில தெரியாம எப்படி ஒரு நல்ல இடத்தில சேக்கிற" என்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கீங்க. நான் சொல்லப் போறது அதுக்கு நேர் எதிர், கோவிக்காம கடைசி வரைக்கும் வாசிங்க.

ரிசல்ட்ட முதல்ல பாப்பம். ஏஎல்ல டெக் ஸ்ட்ரீம், செகண்ட் ஷை, அதாவது ரெண்டாம் தரம் எழுதினது. ஈடீ (பொறியியல் தொழில்நுட்பம்) சி, ஐசீடீ எஸ், எஸ்எப்டீ (தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம், கணக்கும் இதுக்குள்ளதான் வரும்) எஸ். எஸ் என்டா ஆகக் குறைஞ்ச பாஸ், எப் என்டா பெயில். போன முறை எஸ்எப்டீ எப், ஆனா ஈடீ அப்பவும் சி. வீட்டில எல்லாரும் அந்த எஸ்ஸையே பாத்துப் பாத்துக் கவலப்படுறீங்க, எனக்கு இந்த ஏத்த இறக்கம்தான் உதவி, ஏனென்டா கழட்டிப் பூட்டுற விசயம் தம்பிக்கு மண்டையில நிக்குது, கணக்கு வாற இடத்திலதான் தடக்குது என்டு இது நேராச் சொல்லுது. மூண்டு பாடத்திலயும் ஒரே மாதிரி சி எடுத்துட்டு வாற புள்ளைக்கு வழி சொல்லுறதுதான் எனக்குக் கஷ்டம்.

தேர்ட் ஷை எடுக்கலாம், சட்டம் இரிக்கு. ஆனா மூண்டு எஸ் எடுத்தா கெம்பஸுக்கு அப்ளை பண்ணத் தகுதி மட்டும்தான், மறுகா எல்லாம் இசட் ஸ்கோர், மத்தப் புள்ளைகளோட ஒப்பிட்டுக் கணக்குப் பாக்கிற புள்ளி. கெம்பஸ் இடங்கள்ல 40 வீதம் நாடு முழுக்க மெரிட், 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. மட்டக்களப்புக்குக் கோட்டா இரிக்குத்தானே என்டு ரியூசன்ல சொல்லுவாங்க, ஓம் இரிக்கு, ஆனா அதுக்குள்ளயும் நம்மட மாவட்டத்துப் புள்ளைகளோட ஓடி வெல்லோணும். எஸ்எப்டீல எஸ்ஸ வெச்சிட்டு அத நம்பி இன்னொரு வருசத்த முழுசாக் கட்டி வெக்க நான் சொல்ல மாட்டன்.

இனி சிவி. கொமினிகேசன் கடையில குடுத்து டைப் அடிச்சதா, சாட்ஜிபிடி எழுதினதா தெரியா, ரெண்டும் இப்ப ஒரே மாதிரித்தான் வருது. "மூண்டு மொழியிலயும் சரளம், தலைமைத்துவப் பண்பு, எந்த அழுத்தத்திலயும் வேல செய்வார்." ஒரு இடத்திலயும் பிழை இல்ல, ஆனா தம்பியும் இல்ல! இதே வரி எழுதின சிவி எனக்கிட்ட எத்தின வந்திருக்கும், பேர மாத்தினா ஆள மாத்தலாம். முந்தி பிழையில்லாம ஒரு பக்கம் அடிச்சுக் குடுத்தா அதுக்கே ஒரு மதிப்பு இருந்திச்சு, இப்ப அது போன் வெச்சிருக்கிற எல்லாருக்கும் சும்மா கிடைக்குது.

நீங்க வெக்கப்பட்டுக்கொண்டு அனுப்பின கொப்பிய நான் ரெண்டு தரம் வாசிச்சன். வாழைச்சேனையில மாமாவோட வள்ளத்து இஞ்சின் திருத்தக்குள்ள தம்பி பிழைச்ச வேலையெல்லாம் எழுதி வெச்சிருக்கார். "பிளக் மாத்தின, ஸ்டார்ட் ஆகல்ல, காபரேட்டர் கழுவின, ஆகல்ல, மறுகா பாத்தா டேங்க்ல தண்ணி." இன்னொரு பக்கத்தில "இம்பெல்லர் புதுசு பூட்டின, தண்ணி பீச்சல்ல, கழட்டிப் பாத்தா சின்னக் கீய வைக்க மறந்திட்டன்." அக்கா, இது சின்ன விசயமில்ல. இம்பெல்லர் என்டா இஞ்சினக் குளிராக்கத் தண்ணி ஏத்துற சக்கரம், கீ என்டா அத சாஃப்டோட சேத்துப் பூட்டுற சின்னத் துண்டு. அந்தக் கீ இல்லாட்டி சாஃப்ட் சுத்தும், இம்பெல்லர் சுத்தாது, தண்ணி ஏறாது, அத கவனிக்காம கடலுக்கு விட்டா இஞ்சின் சூடாகி இறுகிரும். தன்ட பிழைய அண்டைக்கே கண்டுபிடிச்சு, காரணத்தோட, தன்ட கையால எழுதியிருக்கார். கிழிச்சுப் போடச் சொன்னீங்களாம், தயவு செஞ்சு கிழிக்க விடாதீங்க. அமெரிக்காவில பைலட்மார் தாங்க விட்ட பிழைய தாங்களே எழுதி அனுப்புறதுக்கு நாசா 1976ல இருந்து ஒரு திட்டம் நடத்துது, எழுதினவர்ட பேர எடுத்திட்டு மத்த ஆக்கள் படிக்கிறதுக்கு வெளியிடுறாங்க. வாழைச்சேனையில தம்பிக்கு யாரும் சொல்லிக் குடுக்காம அதே புத்தி வந்திருக்கு.

அடுத்தது கொன்னை, தம்பி திக்கித் திக்கிக் கதைக்கிறது. "இன்டர்வியூவில தெரியாம சமாளிக்கச் சொல்லிக் குடுங்க" என்டீங்க. மறைக்கப் போனாத்தான் கூடக் கொன்னும், வாய் திறக்க முதலே பயம் புடிச்சிரும். உள்ளுக்க போய் இருந்த உடன "எனக்குக் கதைக்கக்குள்ள கொஞ்சம் கொன்னும், டைம் தாங்க சேர்" என்டு தம்பி தானே சொல்லட்டும், அவருக்கு விருப்பமென்டா. வீட்டில நீங்க அவர்ட வசனத்த முடிச்சுக் குடுக்காதீங்க, "ஆறுதலாக் கதை" என்டும் சொல்லாதீங்க, சும்மா கேட்டுக்கொண்டு இருங்க. பெரியாஸ்பத்திரியில ஸ்பீச் தெரபி பத்தியும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்க, கொன்னைக்கும் புத்திக்கும் ஒரு தொடர்பும் இல்ல. அந்த "மூண்டு மொழியிலயும் சரளம்" வரிய வெட்டிருங்க, சிங்களம் விளங்கும், கதைக்கப் பழகிறன் என்டு உள்ளத எழுதினா போதும்.

அதுக்காக எல்லாக் குறையும் நல்லது என்டு நான் சொல்லல்ல. காலையில பத்து மணிக்கு எழும்புறத எந்த முதலாளியும் பாராட்ட மாட்டார், அத மாத்தத்தான் வேணும். கணக்கும் அப்படித்தான், டிப்ளோமாக்குப் போனா திரும்ப முன்னுக்கு வந்து நிக்கும், இப்பவே ஒரு ஆளப் புடிச்சுப் படிக்கட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். வேலையில பழகின ஆக்களுக்கு கோர்ஸ் முழுக்கப் படிக்காமலே திறமையப் பரிசோதிச்சு என்விகியூ (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) குடுக்கிற முறை இரிக்கு, ஆர்பீஎல் என்டு சொல்லுவாங்க. நைட்டாவிலயோ (தொழில் பழகுனர் பயிற்சி குடுக்கிற அரச நிறுவனம்) தொழிற்பயிற்சி அதிகார சபையிலயோ கேளுங்க, உங்கட பிரதேச செயலகத்தில மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரக் கண்டாலும் சொல்லுவார். என்விகியூவில லெவல் 4 எடுத்தா ஒரு முழுத் தொழிலாளி, 5ம் 6ம் டிப்ளோமா, 7 டிகிரிக்குச் சமன், அதால கெம்பஸ் கதவு பூட்டிப் போகல்ல, வேற பக்கத்தால போறம் அவ்வளவுதான். மாமாக்கிட்ட எப்ப இருந்து என்ன வேல செஞ்சார் என்டு ஒரு கடிதம் எடுங்க, செஞ்ச இஞ்சின்ட போட்டோவும் கொஞ்சம் வேணும். கொப்பியையும் கொண்டு போகட்டும், பரிசோதிக்க வாறவர் கேள்வி கேட்டா அதத் திறந்து காட்டிச் சொல்லலாம். தேர்ட் ஷையும் எடுக்கோணும் என்டு தம்பியே ஆசைப்பட்டா வெளிவாரியா அப்ளிகேசன் போடட்டும், முடிவுத் திகதிய மட்டும் பாத்துக்கொள்ளுங்க.