சும்மா இருக்கப் பார்த்தால் மனம் வெறுமையாகி, உடனே பயம் வருகிறது. எப்படிப் பழகுவது?

யாழ்ப்பாணத்தில் "அவன் சும்மா இருக்கிறான்" என்றால் வேலைவெட்டி இல்லாதவன் என்று அர்த்தம். அதே "சும்மா இரு"தான் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியும், அவருக்குப் பின் கொழும்புத்துறை யோகர் சுவாமியும் (1872–1964) தந்த உபதேசம். இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பேசாமல் இருந்த மூன்றாம் நிமிடமே "நேரம் வீணாப் போகுது" என்று உள்ளே உறுத்தும். அந்த உறுத்தலையும் பலர் பயம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

விடியப்புறம், தேத்தண்ணிக்கு முன், 10 நிமிடம் போதும். ஃபோனை வேறு அறையில் வையுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வைத்தால் கை அதைத் தேடும். பாயில் இருப்பதானால் போர்வையை நாலாக மடித்து இருக்கையின் கீழ் வையுங்கள். முழங்கால் நோவென்றால் கதிரை நல்லது, பாதம் நிலத்தில் பட வேண்டும். கண்ணைப் பாதி திறந்து, நாலைந்து அடி தள்ளி நிலத்தைப் பாருங்கள். வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் திரும்பவும் 1.

இனித்தான் முக்கியமான இடம். மூச்சு வெளியே போய் முடிந்ததும், அடுத்தது உள்ளே வருவதற்குள், ஒரு சின்ன ஓய்வு இருக்கிறது. வயிறு அசையாது, எண்ணவும் எதுவும் இல்லை. அதைக் கவனித்தால் போதும், நீட்டப் பார்க்காதீர்கள். மூச்சைப் பிடித்தால் இரத்தத்தில் கரியமிலவாயு கூடி, மூளை ஆபத்தென்று எடுத்துக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும். உங்கள் பயத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். தானாக வரும் ஓய்வில் அந்தப் படபடப்பு இல்லை. நெற்றி இறுகினால் நினைவுகளோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பால்மாக் கணக்கோ கரண்ட் பில்லோ, வந்தது வந்தபடி போகட்டும்.

வெறுமையிலும் இரண்டு வகை. கூட்டி விட்ட முற்றமும் வெறுமைதான், ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடும் வெறுமைதான். எழும்பிய பிறகு தேத்தண்ணியில் ருசி தெரிந்து, ஆட்களோடு கதைக்க மனம் வந்தால் முதலாவது. சாப்பாடு, நித்திரை, விருப்பம் எல்லாம் குறைந்து இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதை ஞானம் என்று நினைத்துத் தனித்திருக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள்.

போரையும் இடப்பெயர்வையும் கண்டவர்களுக்கு அமைதியில் பழைய காட்சிகள் எழும்பி வரலாம். அப்படியானால் அசையாமல் இருந்து பழகவே வேண்டாம். முற்றத்து மணலில் வெறுங்காலோடு 5 நிமிடம் மெதுவாக நடவுங்கள், காலடியை எண்ணுங்கள். அதிலும் காட்சி விடாவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு யாரோடாவது போய் இருங்கள். இது தோல்வி இல்லை.

தனியே பழகக் கஷ்டமென்றால் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போங்கள். அங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் மௌனமாகவே பூசை செய்வார். வெள்ளிக்கிழமையில் சனம் கூடும். வேறொரு நாளில் பூசை பார்த்துவிட்டு, ஆற்றங்கரைப் பக்கமாக உங்கள் 10 நிமிடத்தை இருங்கள்.