எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உடலுக்குள் எப்படிப் படம் எடுக்கிறது?

எம்.ஆர்.ஐ. என்பது வலுவான காந்தத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாக்கும் முறை.

நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்கள் மாதிரி. சாதாரணமாக ஆளுக்கொரு திசையில் கிடக்கும். 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலுவானது. அதற்குள் படுத்ததும் அந்த அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒரே திசையைப் பார்க்கும்.

அப்புறம் ரேடியோ அலை வந்து அவற்றைச் சாய்க்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா வயலைப் பார்த்திருப்பீர்கள்: காற்றடித்தால் பயிர் சாயும், நின்றால் நிமிரும். தண்டு தடித்தது சட்டென்று, இளம்பயிர் மெல்ல. அப்படித்தான் அலை நின்றதும் அணுக்கருக்கள் மெல்லிய சமிக்ஞை தந்தபடி பழைய நிலைக்குத் திரும்புகின்றன. கொழுப்பில் சீக்கிரம், நீரில் மெதுவாக. இந்த வேக வித்தியாசம்தான் படத்தில் கருப்பு வெள்ளையாகிறது. எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது.

எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாத மூளை, தண்டுவடம், மூட்டுத் தசைநார் எல்லாம் இதில் துல்லியமாகத் தெரியும். காந்தம் வலுவானது என்பதால், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடலில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சு என்று பலர் பயப்படுகிறார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் துளியும் இல்லை. ஸ்கேன் எடுக்கும்போது கேட்கும் தடதட சத்தம் உள்ளே கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது.