வாசஸ்பதி என்று சொன்னால் காணுமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறேன். வட இலங்கை சங்கீத சபையின் நாலாம் தரம் வரை வாய்ப்பாட்டுப் படித்தேன். சின்ன வயதிலிருந்தே கார்ட்டூன் தொடர்கள் பார்ப்பேன், இப்பவும் விடவில்லை. 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் தலைப்பு இசையை ஒருநாள் ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்த்தபோது அது வாசஸ்பதி ராகம் என்று கண்டுபிடித்தேன். பிறகு 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' பாட்டுகள், ஜப்பான் தொடர்களின் ஆரம்பப் பாட்டுகள் என்று எல்லாவற்றுக்கும் ராகம் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இதைச் சங்கீத டீச்சரிடம் காட்டினேன். "பொம்மைப் படத்துக்கும் ராகமோ?" என்று சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தா.

இது வேலையில்லாத வேலையா அக்கா? மேற்கத்திய ஹார்மனி (பல சுவரங்களை ஒரேநேரத்தில் சேர்க்கும் முறை) படிக்காமல் இந்தப் பாட்டுகளை ஆராய ஏலுமா? பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வாக எடுக்க விடுவார்களா?

ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

டீச்சர் சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறவருக்கு ஆயிரம் வேலை. அம்மா சிரித்தது டீச்சரின் முகத்துக்காக, அதை மனதில் வைக்காதேயும். கார்ட்டூன் பாட்டு ஆராயத் தகுந்ததா என்ற கேள்விக்கும் நேரம் செலவழிக்க மாட்டேன். தகுந்ததுதான், அப்புறம் என்ன?

நான் எழுத உட்கார்ந்தது உம்முடைய கொப்பிக்காக. அனுப்பிய பக்கங்களைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். நல்ல கையெழுத்து. முதல் நிரலில் தொடர், இரண்டாவதில் பாட்டு, மூன்றாவதில் ராகம். நாலாவது நிரல் இல்லை. எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

அண்மையில் பம்பலப்பிட்டியில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். பாடகி ஆலாபனையைத் தொடங்கி நாலு பிடி பிடிக்கமுன்னமே பின்வரிசையில் ஒருவர் "சண்முகப்பிரியா" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஓம், அதுதான்" என்றார். இருவரும் திருப்தியாகச் சாய்ந்தார்கள். அதன்பிறகு யாருடைய மகனுக்குக் கனடா விசா வந்தது, யாருக்கு வரவில்லை என்று கதை. அந்தப் பிள்ளை மேடையில் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள், இவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. கடையின் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று எழும்பிப் போகிற ஆட்கள். அன்றிலிருந்து மனதுக்குள் அவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். உமது கடிதம் வந்தது, நீர் அகப்பட்டுக்கொண்டீர்.

சரி, வாசஸ்பதிக்கு வருவோம். 1989 இல் டேனி எல்ஃப்மன் போட்ட அந்த மெட்டில் நீர் கண்ட சுவரங்கள் சரி. பிரதி மத்திமமும் (மேல் ம) இருக்கிறது, கைசிகி நிஷாதமும் (கீழ் நி) இருக்கிறது, 64 ஆவது மேளத்தின், அதாவது தாய் ராகத்தின், சுவரங்கள்தான். மேற்கே இதற்கு லிடியன் டொமினன்ட் என்று பெயர். உம்மைப்போல இதைக் கண்டுபிடித்துச் சந்தோசப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அதே ராகத்தில் பாபநாசம் சிவனின் 'பராத்பரா'வை ஒருதரம் பாடிப்பாரும். அந்த ம எங்கே நிற்கிறது? நிற்பதே இல்லை, பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு அசைந்துகொண்டிருக்கும். சிம்ப்சன்ஸில் அதே ம சுத்தியலால் ஆணி அடித்தமாதிரி நேராக விழுகிறது. சுவரம் ஒன்று, ஆள் வேறு. கொப்பியில் 'வாசஸ்பதி' என்று எழுதியதும் இந்த வித்தியாசம் மறைந்துபோய்விட்டது, பார்த்தீரா?

பெயரை விட்டுவிட்டு மெட்டைப் பாரும். முகில் விலகும்போது குழுவாகப் பாடுகிறார்களே, தொடரின் பெயரை மட்டும், அது மூன்றே சுவரம்: ச, ம, ப. சட்ஜத்திலிருந்து நேரே பிரதி மத்திமத்துக்கு ஒரு பாய்ச்சல். அந்த ம-வில் காது ஒரு கணம் அந்தரத்தில் தொங்கும். உடனே ப, நிம்மதி. பிறகு பிரதான மெட்டு வருகிறது: ச க ம த ப, க ச, அங்கிருந்து மந்திர ஸ்தாயிக்கு இறங்கி த, ம ம ம ப. கவனித்தீரா? தொடக்கத்தில் குரல்கள் போட்ட அதே ம–ப முடிச்சு, இப்போது கீழ் ஸ்தாயியில், மூன்று தரம் தட்டிவிட்டு அவிழ்கிறது. முதல் மூன்று சுவரத்தில் விதையைப் போட்டுவிட்டு மிச்சத்தை அதிலிருந்து முளைக்கவிட்டிருக்கிறார். இதை எழுத நாலாவது நிரல் வேணும்.

இன்னொன்று. அந்தத் தலைப்புக் காட்சி எல்லா அத்தியாயத்திலும் ஒரே நீளம் இல்லை. நேரம் காணாவிட்டால் வெட்டிவிடுவார்கள். அந்த வீட்டு மகள் லீஸா வாசிக்கிற சாக்ஸபோன் துண்டும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். அப்படியென்றால் எங்கே வெட்டினாலும் காயம் தெரியாதபடி தையல் போட்ட மெட்டு அது. தையல் எங்கே என்று தேடினீரா? தேடியிருக்க மாட்டீர். நீர்தான் மூன்றாவது நிரலோடு சாய்ந்துவிட்டீரே.

இப்போது உம்மை மடக்க ஒரு கேள்வி. 'டொம் அண்ட் ஜெரி' படங்களுக்கு இசையமைத்தவர் ஸ்கொட் பிராட்லி. 1944 இல் வந்த ஒரு படத்தில் எலி நாய்த் தலையொன்றைப் போட்டுக்கொண்டு ஓடும். அந்த இடத்துக்கு எதைப் போட்டும் சப்பென்று இருந்ததால் அவர் பன்னிரு சுவர முறைக்குப் போனார். பன்னிரண்டு சுவரஸ்தானமும் ஒவ்வொன்றாக வரவேண்டும், எல்லாம் வந்து முடியும்வரை ஒன்றும் திரும்ப வரக்கூடாது. வியன்னாவில் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளர் மிகுந்த தீவிரத்தோடு உண்டாக்கிய முறையை இந்த மனுசன் ஒரு எலிக்குக் கொடுத்தார். அதற்கு உம்முடைய மூன்றாவது நிரலில் என்ன எழுதுவீர்? அங்கே ராகமே கிடையாது. சட்ஜம் எது என்றே காதுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த எலியின் தலையும் உடம்பும் ஒட்டாமல் தெரிகிறது, நாங்களும் சிரிக்கிறோம்.

எனக்கு இதையெல்லாம் கேட்கப் பழக்கியது ஒரு புத்தகமும் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த என் சின்ன மாமா. கல்யாண வீடுகளில் பைலா வாசிக்கிற பாண்டில் ட்ரம்பெட்காரர். எண்பதுகளில், எங்கள் மாடிக் குடியிருப்பில் இரண்டொரு வீட்டில்தான் ரீவி. அரச ரீவியான ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் ஒலிசேர்த்துத் தந்த கார்ட்டூன்களுக்கு அந்த வீடுகளின் நிலம் நிரம்பிவிடும். 'தொஸ்தர ஹொந்த ஹித' பார்த்துச் சிங்களம் பிடித்த தமிழ்ப் பிள்ளைகள் எங்களில் பல பேர். பேச்சே இல்லாத பூனை எலிப் படம் வந்தால் மாமாவும் வந்து குந்துவார். வந்ததும் எங்களைத் திருப்பி, ரீவிக்கு முதுகு காட்டி இருத்துவார். "படத்தப் பாக்காத. பூனை எப்ப விழும் எண்டு சொல்லு."

நாங்கள் "இப்ப!" என்று கத்துவோம். சரியாகச் சொன்னால் ஒரு டொபி. பெரும்பாலும் பிழைக்கும். ஏன் பிழைக்கிறது என்று ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டேன். மாமா தொடையில் தட்டி எண்ணிக் காட்டினார். "நாலு, நாலா எண்ணிக்கொண்டு வாறான். நீ எட்டில விழும் எண்டு பாத்துக்கொண்டிருப்பாய். அவன் ஏழில விழுத்துவான். அதுதான் பகிடி. என்ன ராகம் எண்டு கேளாத, எத்தினை எண்டு கேள்."

மாமா சுவரம் எழுத வாசிக்கத் தெரியாதவர். அவர் காதால் கண்டதை அந்தக் காலத்துக் கார்ட்டூன் ஸ்டூடியோக்கள் கணக்காகவே வைத்திருந்தன. படச்சுருளில் விநாடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனிப்படம். 12 சட்டகத்துக்கு ஒரு அடி (தாளத்தின் ஒரு தட்டு) என்றால் நிமிடத்துக்கு 120 அடி. 10 சட்டகம் என்றால் 144, 8 என்றால் 180. இயக்குநரும் இசையமைப்பாளரும் முதலில் இந்த எண்ணில்தான் உடன்படுவார்கள். வார்னர் கார்ட்டூன்களுக்கு 1936 முதல் 1958 வரை இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், வாத்தியக்காரரின் காதில் அந்த அடியை டிக், டிக் என்று ஒலிக்கவிட்டுப் பதிவு செய்தவர்.

நீர் தாளம் படித்த பிள்ளை, இந்த இடத்தைச் சும்மா கடந்துபோகக்கூடாது. 12 சட்டக அடியைச் சதுஸ்ரமாக, அதாவது நாலாக, பிரித்தால் ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று சட்டகம். திஸ்ரமாக, அதாவது மூன்றாக, பிரித்தால் நாலு. இரண்டும் சரியாக விழும். ஆகவே நடந்துவருகிற பூனை திடீரென்று துள்ளித் துள்ளி வரலாம், வேகம் மாறாமல் நடையை (அடியைப் பிரிக்கிற விதத்தை) மட்டும் மாற்றி. 8 சட்டகத்தில் சதுஸ்ரம் விழும், திஸ்ரம் விழாது. 10 சட்டகத்தில் இரண்டும் சரிவராது, ஐந்தாகப் பிரிக்கிற கண்டம்தான் அச்சாக இருக்கும், மாத்திரைக்கு இரண்டு சட்டகமாக. வாத்தியக்காரர் எதையும் எப்படியும் பிரிப்பார், அது அவர் திறமை. ஆனால் வரைகிறவர் அரைச் சட்டகம் வரைய ஏலாது. பூனையின் கால் எந்த மாத்திரையில் நிலத்தைத் தொடலாம் என்பதை அந்த எண் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. உம்முடைய டீச்சர் 'பொம்மைப் படம்' என்று சிரித்தாரே, நடை பேதத்தைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட இதைவிடச் சுகமான வழி எனக்குத் தெரியவில்லை.

நீர் எழுதிய ஜப்பான் பாட்டுகளிலும் முதலில் கேட்கவேண்டியது நேரம். அந்தத் தொடர்களின் ஆரம்பப் பாட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஏறக்குறைய 90 விநாடி. 120 வேகத்தில் அது 180 அடி, நாலு நாலாகப் பிரித்தால் 45 ஆவர்த்தனம் (தாளச் சுற்று). முன்னிசை, பாடகர் நுழையும் இடம், கூடச்சேர்ந்து பாடவைக்கிற உச்சம், தலைப்பு எழுத்து விழுகிற அடி, முடிவு எல்லாம் அந்த 45 க்குள் அடங்கவேணும். எந்த ஆவர்த்தனத்தில் எது வருகிறது என்று எழுதிப்பாரும். பத்துப் பாட்டு எழுதுவதற்குள், அடுத்த பாட்டில் உச்சம் எங்கே வரும் என்று டொபிக்குக் கத்தத் தொடங்கிவிடுவீர்.

'ஸ்டீவன் யூனிவர்ஸ்' பக்கத்தில் பேர்ல் என்ற பாத்திரம் வரும்போதெல்லாம் பியானோ கேட்கிறது, அது தற்செயலா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர். தற்செயல் இல்லை. அங்கே பாத்திரத்துக்கு ஒரு வாத்தியம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கொப்பி முழுவதிலும் உருப்படியான வரி அந்தப் பென்சில் வரிதான், அதைப் போய் ஓரத்தில் எழுதியிருக்கிறீர். அந்தத் தொடரின் இறுதிப் பாட்டையும் பாரும். தொடரை உருவாக்கிய ரெபெக்கா ஷுகர் அதை முழுதாகத் தராமல், பருவத்துக்குப் பருவம் வேறு வேறு துண்டாக எழுத்தோட்டத்தின் கீழே ஓடவிட்டார். ஒரு பாட்டு முழுமையாக வருடக்கணக்கு. அதற்கு நீர் போட்டிருக்கிற ராகத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஹார்மனி படிக்கவேணுமா? கொஞ்சம் படியும். எங்கள் பிள்ளைகள் இடறுகிற இடம் ஒன்றுதான். நமக்கு ச ஒருதரம் வைத்தால் வைத்ததுதான், தம்புரா அதைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அங்கே மேலே ஒருவர் அந்தர காந்தாரத்தை (மேல் க) பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, கீழே பாஸ் வாத்தியம் இடம் மாறும். கீழே ச இருந்தால் அது க-தான். பாஸ் சதுஸ்ருதி தைவதத்துக்கு (மேல் த) போனால் அதே சுரம் அங்கிருந்து பஞ்சமமாகக் கேட்கும். சுத்த மத்திமத்துக்கு (கீழ் ம) போனால் காகலி நிஷாதம் (மேல் நி). பாடகி ஒன்றும் செய்யவில்லை, ஆனால் சந்தோசம் துக்கமாகி, துக்கம் ஏக்கமாகிவிட்டது. ஹார்மோனியத்தில் மேல் மெட்டை மட்டும் ஒற்றை விரலால் வாசித்து ராகம் தேடினால் இது ஒருநாளும் பிடிபடாது. கீழே பாஸையும் சேர்த்து வாசித்துப் பாரும்.

நான் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரியும். உமது வயதில் எனக்கு இப்படியொரு கொப்பி இருக்கவில்லை. நாலு பக்கம் வடிவாக எழுதிய பிள்ளைக்கு அடுத்த நாற்பது பக்கமும் எழுத ஏலும். அதனால்தான் ஏசுகிறேன். பின்வரிசைக்காரரை நான் ஏசவில்லை, எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டேன்.

ஒரு தலைப்பு இசையை எடுத்துக்கொள்ளும், எதுவானாலும் சரி. படத்தை மூடிவிட்டுக் கேட்டு, ஒவ்வொரு அடிக்கும் என்ன நடக்கிறது என்று எழுதும். பிறகு சத்தத்தை மூடிவிட்டுப் படத்தைப் பார்த்து, என்ன அசைகிறது என்று எழுதும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரும். ஒன்றோடொன்று பொருந்தாத அடிகளைச் சிவப்பில் வட்டமிட்டு எனக்கு அனுப்பும். ராகப் பெயர் எங்கேயாவது இருந்தால் வாசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பல்கலைக்கழகத்தில் விடுவார்களா என்றும் கேட்டிருந்தீர். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. போய்க் கேளும். கேட்கப் போகும்போது அந்த மூன்று நிரல் கொப்பியைக் கையில் கொண்டுபோகாதேயும்.

அன்புடன்,
அக்கா